ஒரு பந்து, நாற்பது பிள்ளைகள், முப்பது விநாடி

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட் என்று கால அட்டவணையில் இருக்கிறது. ஒன்றைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். இன்னொன்றில் பையன்கள் ஃபுட்பால் ஆடுகிறார்கள். இவளும் தோழிகளும் படிக்கட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறார்கள். அவள் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் மாணவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு எப்போதும் ஸ்கோர் எழுதும் வேலைதான். மைதானம் என்று இருப்பது நாற்பதுக்கு இருபத்தைந்து மீட்டர் மண் தரை. அதிலும் பாதியில் புதிய வகுப்பறைக் கட்டடம் வரப்போகிறதாம். கேட்டால், “இடம் இல்லாமல் என்ன செய்வது? இருந்தும் நம் அணி கோப்பை வாங்கியிருக்கிறதே” என்கிறார் தலைமை ஆசிரியர். என்னைப் பெற்றோர் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் எதைக் கேட்பது? எதைக் கேட்டால் நடக்கும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கோப்பையைப் பற்றி முதலில் பேசிவிடலாம். உங்கள் கூட்டத்திலும் அதுதான் முதலில் மேசைக்கு வரும். அணியில் பன்னிரண்டு பேர் இருப்பார்கள், மிஞ்சினால் பதினைந்து. அவர்கள் நன்றாக ஆடியதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் முதல் மதிப்பெண் வாங்கிய ஒரு பிள்ளையைக் காட்டி, மற்ற முப்பத்தொன்பது பேருக்குப் பாடமே நடத்தாமல் விட்டால் எந்தப் பெற்றோரும் சும்மா இருக்க மாட்டார். பி.டி. பீரியடில் மட்டும் சும்மா இருக்கிறோம்.

இதைச் சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த முதல் சில ஆண்டுகள் நானும் அணியைத்தான் வளர்த்தேன். ஓட முடிந்தவனை ஓட விட்டேன். முடியாதவனைப் பைகளுக்குக் காவல் வைத்தேன். ஓர் ஆண்டின் கடைசியில், வேறு வேலையாக வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அந்த ஆண்டு என் பீரியடில் உருப்படியாக ஆடிய பிள்ளைகளின் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தேன். புள்ளி இல்லாத பெயர்கள் பாதிக்கு மேல் இருந்தன. அன்றைக்குப் பிறகு இடத்தையும் சாமானையும் விட்டுவிட்டு நிமிடத்தை எண்ண ஆரம்பித்தேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

பெரிய மைதானம் கேட்டால் “இடம் இல்லை” என்று ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடும். “என் மகள் அந்த நாற்பது நிமிடத்தில் எத்தனை நிமிடம் அசைந்தாள்?” என்று கேட்டால் அப்படி முடியாது. ஒரு நாள் அனுமதி வாங்கிக்கொண்டு போய் மைதான ஓரத்தில் நில்லுங்கள். கையில் ஒரு கடிகாரம் போதும். யாராவது ஒரு பிள்ளையை மட்டும் கண்ணால் தொடருங்கள். அணியில் இருக்கும் பிள்ளை வேண்டாம். வகுப்பிலிருந்து இறங்கி வர எவ்வளவு நேரம், வரிசையில் நிற்க எவ்வளவு, அட்டன்டன்ஸுக்கு எவ்வளவு, தன் முறைக்குக் காத்திருக்க எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் மூச்சு வாங்க அசைந்த நேரம் எவ்வளவு என்று பாருங்கள். பீரியடில் பாதி நேரமாவது பிள்ளை சுறுசுறுப்பாக அசைய வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பரவலாக ஒப்புக்கொண்ட அளவு. நாற்பது நிமிடத்துக்கு இருபது. பல பள்ளிகளில் அந்த அளவைத் தொடுவதே இல்லை.

ஏன் தொடுவதில்லை என்பதற்கு ஒரு கணக்கு. வந்து போகும் நேரம் கழித்து இருபது நிமிடம் ஆட்டம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 1,200 விநாடி. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு பந்து. சரிசமமாகப் பங்கிட்டாலும் ஆளுக்கு முப்பது விநாடிதான். சரிசமமாக எங்கே நடக்கிறது? வேகமான ஐந்தாறு பேர் அதில் முக்கால் பங்கை எடுத்துக்கொள்வார்கள். மிச்சப் பேர் பந்து போகும் பக்கம் நாலு அடி ஓடி, திரும்பி வந்து நிற்பார்கள். உங்கள் மகள் அந்த நாலு அடியும் வேண்டாம் என்று படிக்கட்டுக்குப் போய்விட்டாள். அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுக்குக் கணக்கு வந்திருக்கிறது.

இப்போது அதே மைதானத்தைச் சுண்ணாம்புக் கோட்டால் பிரியுங்கள். நீளவாக்கில் நான்கு, குறுக்கே இரண்டு என்று எட்டுக் கட்டங்கள் வரும்; ஒவ்வொன்றும் பத்துக்குப் பன்னிரண்டரை மீட்டர். கட்டத்துக்கு ஐந்து பிள்ளைகள், ஒரு பந்து. ஆளுக்குக் கிடைக்கும் பங்கு நான்கு நிமிடமாகிறது. எட்டு மடங்கு! இதற்கு ஒரு சதுர அடி நிலம்கூடக் கூடுதலாக வேண்டாம். வேண்டியது எட்டுப் பந்தும், எட்டுக் கட்டத்திலும் ஒரே நேரத்தில் வேலை கொடுக்கத் தெரிந்த ஆசிரியரும்தான். ஒரு கட்டத்தில் மூன்று பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் எதிர்ப்பக்கம் என்று பந்தைக் கடத்தலாம், அடுத்ததில் கயிறு தாண்டலாம், இன்னொன்றில் குறி பார்த்து எறியலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு விசில். குழுக்கள் கட்டம் மாறும். பந்துகள் எல்லாம் விலை உயர்ந்த மேட்ச் பந்துகளாக இருக்கத் தேவையில்லை. கைக்குப் பிடிபடுகிற, மேலே பட்டால் வலிக்காத மென்மையான பந்துதான் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு நல்லது.

இடநெருக்கடி எங்கள் தொழிலுக்குப் புதிதும் இல்லை. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்கல்வி ஆசிரியருக்குக் கிடைத்தது ஒரு சிறிய உள்ளரங்கம், வெளியே பனி, உள்ளே அடங்காத பதினெட்டு மாணவர்கள். பீச் பழக்கூடை இரண்டை மேலே கட்டி, 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். பாஸ்கெட்பால் பிறந்தது. ஆளுக்கு ஆள் மோதாமல் எல்லோரும் ஒரே அறையில் ஆட வேண்டும் என்பதற்காகத்தான் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது என்ற விதியே வந்தது. நான்கு ஆண்டு கழித்து, 1895இல், பக்கத்து ஊரான ஹோலியோக்கில் இன்னோர் உடற்கல்வி இயக்குநர் வில்லியம் மார்கன், பாஸ்கெட்பாலின் மோதல் ஒத்துவராத வயதானவர்களுக்காக நடுவில் வலையைக் கட்டினார். அது வாலிபால். உலகமே ஆடும் இரண்டு ஆட்டங்கள், இருக்கிற இடத்தில் இருக்கிறவர்களை எப்படி ஆட வைப்பது என்ற கேள்வியிலிருந்து வந்தவை. உங்கள் தலைமை ஆசிரியரிடம் இதைக் குத்தலாகச் சொல்ல வேண்டாம். உடற்கல்வி ஆசிரியரிடம் சொல்லுங்கள், மகிழ்ச்சிப்படுவார்.

இப்படிச் சொல்வதால் மைதானத்தை விட்டுக்கொடுக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரித்து ஆடுவது நாளைக்கும் தொடங்கலாம். கட்டடம் எழும்பிவிட்டால் அந்த நிலம் போனது போனதுதான். அதனால் கூட்டத்தில் அவசரம் இதற்குத்தான்.

அளவோடு பேசுங்கள். நாற்பதுக்கு இருபத்தைந்து என்றால் 1,000 சதுர மீட்டர். ஒரு வகுப்பு இறங்கினால் பிள்ளைக்கு 25 சதுர மீட்டர். பாதி போனால் பன்னிரண்டரை. பாஸ்கெட்பால் ஆடுகளம் 28க்கு 15 மீட்டர். சுற்றிலும் இரண்டு மீட்டர் காலி விட்டால் 32க்கு 19. இன்றைய மைதானத்தில் அது பிடிக்கும், இருபதுக்கு இருபத்தைந்தில் பிடிக்காது. வாலிபால் ஆடுகளம் 18க்கு 9. சுற்றிலும் மூன்று மீட்டர் விட்டால் 24க்கு 15. ஒன்றே ஒன்று மட்டும் தப்பும். கபடி 13க்கு 10 மீட்டரில் அடங்கும், பெண்களுக்கு 12க்கு 8, அதுவும் தப்பும். ஆனால் ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றுதான். “மைதானம் சுருங்கும்” என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவார்கள். “இந்தந்த ஆட்டம் இனி இந்தப் பள்ளியில் இல்லை” என்று சொன்னால் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

வகுப்பறை வேண்டாம் என்று நீங்கள் சொல்லவும் முடியாது, சொல்லவும் கூடாது. நெருக்கியடித்து உட்காரும் பிள்ளைகளுக்கு அறை தேவைதான். கேட்க வேண்டியது வரைபடத்தை. பழைய கட்டடத்தின் மேல் இன்னொரு மாடி எழுப்ப அஸ்திவாரம் தாங்குமா என்று பொறியாளர் பார்த்தாரா? மைதானத்தின் குறுகிய ஓரத்தை ஒட்டி, அகலம் குறைத்து, உயரம் கூட்டிக் கட்ட முடியுமா? புதிய கட்டடத்தின் தரைத்தளத்தைத் தூண்களோடு திறந்தே விட்டால் வெயிலிலும் மழையிலும் பிள்ளைகள் அங்கே ஆடலாம். மொட்டை மாடியில் ஆடவைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். நிலம் கிடைக்காத நகரங்களில் அப்படிச் செய்கிறார்கள்தான். அதற்குத் துள்ளும் பாரத்துக்குக் கணக்கிட்ட கூரையும், உயரமான கைப்பிடிச் சுவரும், பந்து விழாதபடி வலையும் வேண்டும். இவை வரைபடத்திலேயே இருந்தால் நம்பலாம். கட்டிய பிறகு வந்த யோசனை என்றால் நம்ப வேண்டாம்.

இன்னொரு விஷயம், யாரும் கூட்டத்தில் பேசாதது. கட்டட வேலை நடக்கும் காலமெல்லாம் மிச்சப் பாதியில் மணலும் ஜல்லியும் கம்பியும் குவிந்திருக்கும். அதாவது பாதி மைதானம் போவதாகச் சொல்வார்கள், முழு மைதானமும் போயிருக்கும். வேலை முடிந்ததும் அங்கே வாகனங்கள் நிறுத்தப் பழகிவிடுவார்கள். எனவே ஒப்பந்தத்திலேயே மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: சாமான் போடும் இடத்துக்குத் தடுப்பு, மிச்ச இடத்தைச் சுத்தம் செய்து ஒப்படைக்கும் தேதி, வேலை முடிந்தபின் ஆணி, கண்ணாடித் துண்டு பொறுக்கி, மண் நிரவி, தண்ணீர் வடிய லேசான சரிவு கொடுப்பது. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு போதும். கடைசியாக, “அழகாக இருக்கும்” என்று மிச்ச இடம் முழுவதும் சிமென்ட் கல் பதிக்க வருவார்கள். தடுத்துவிடுங்கள். வெயிலில் காயும், விழுந்தால் முழங்கால் பெயரும்.

கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்ளும் பீரியடுக்கு வருவோம். அவர் மேல் கோபப்படாதீர்கள். பாடம் முடியவில்லை என்ற பதற்றம் அவருக்கு. ஆனால் அவர் எண்ணுகிறபடி அந்த நாற்பது நிமிடம் மதிப்பெண்ணாக மாறுகிறதா என்பதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 1970களில் கனடாவின் ட்ருவா ரிவியேரில் தொடக்கப் பள்ளி மாணவர் ஒரு பிரிவுக்கு மட்டும், பாட நேரத்தைக் குறைத்து நாள்தோறும் ஒரு மணி நேரம் உடற்கல்வி கொடுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் பார்த்தும் அவர்கள் படிப்பில் பின்தங்கவில்லை. 2009இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் இருபது நிமிடம் நடந்துவிட்டு வந்து சோதனை எழுதியபோது, உட்கார்ந்திருந்துவிட்டு எழுதியதைவிடக் கவனம் கூர்மையாக இருந்தது. விளையாடினால் எல்லோரும் நூறு வாங்குவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்பவர்களை நம்பவும் மாட்டேன். விளையாட்டு நேரத்தைப் பறித்தால் படிப்பு கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

அவரை அசைக்க இன்னொரு செய்தி உண்டு, அது கண்ணைப் பற்றியது. சீனாவின் குவாங்சோவில் பன்னிரண்டு பள்ளிகளில், ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரை மட்டும் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால், வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதம் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே போனவர்களில் 30.4 சதவீதம். 2015இல் வெளியான முடிவு இது. வெளிச்சத்தில் இருந்ததற்கே இந்தப் பலன். உங்கள் மகள் வகுப்பில் எத்தனை பேர் கண்ணாடி போட்டிருக்கிறார்கள் என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள்.

பறித்த பீரியடைத் திரும்பக் கொடுக்க நாளாகும் என்றால், இடைக்காலத்தில் ஒன்று கேட்கலாம். 2012இல் ஸ்காட்லாந்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் தொடங்கிய பழக்கம்: தினமும் பதினைந்து நிமிடம், வகுப்பு ஆசிரியரே பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் அவரவர் வேகத்தில் ஓடவோ நடக்கவோ விடுவார். உடை மாற்ற வேண்டாம், போட்டி கிடையாது, பி.டி. ஆசிரியரும் தேவையில்லை. உங்கள் மைதானத்தைச் சுற்றினால் ஒரு சுற்று 130 மீட்டர். எட்டுச் சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். ஆனால் இதைக் காட்டியே “பி.டி.க்குப் பதில் இது போதும்” என்று முடித்துவிடுவார்கள், கவனமாக இருங்கள். ஓட்டம் வேறு, உடற்கல்வி வேறு. எறிய, பிடிக்க, குதித்து இறங்க, தோற்றுவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு எழுந்து நிற்க ஒருவர் சொல்லிக்கொடுத்தால்தான் வரும். ஐந்து முதல் பதினேழு வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் நல்ல உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைப் பள்ளி மட்டும் தர முடியாது. வீட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

உங்கள் மகளிடம் “ஏன் ஆடவில்லை?” என்று கேட்டால் “பிடிக்கவில்லை” என்றுதான் பதில் வரும். “என்ன இருந்தால் ஆடுவாய்?” என்று கேட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் மூன்று பதில்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று உடை: குனிந்தால், குதித்தால் சங்கடப்படுத்தாத உடை. இரண்டு கழிவறை: தாழ்ப்பாள், தண்ணீர், நாப்கின் போடக் கூடை. மூன்று, தப்பாகப் பந்தை அடித்தால் சிரிக்க ஆள் இல்லாத இடம். 146 நாடுகளின் தரவை வைத்து உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட கணக்கில், பதினொன்று முதல் பதினேழு வயதுப் பெண்களில் 85 சதவீதம் பேருக்குப் போதிய உடலசைவு இல்லை, ஆண்களில் 78. ஆண்களே மோசம், பெண்கள் அதைவிட மோசம். மாதவிடாய் நாட்களில் ஆடினால் உடம்புக்குக் கெடுதல் என்பது தவறு. பலருக்கு லேசான அசைவு வலியைக் குறைக்கவே செய்யும். ஆனால் ஆடுவதா, நடப்பதா, உட்காருவதா என்று முடிவு செய்ய வேண்டியது அவள்தான். ஆசிரியர் ஆணாக இருந்தால் நாற்பது பேர் முன்னால் காரணம் சொல்ல வைக்காமல், “இன்று மெதுவாக” என்ற ஒரு சொல் போதும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம்.

ஸ்கோர் எழுதும் அந்தப் பையனைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தது எனக்குப் பிடித்திருந்தது; பெரும்பாலும் அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஊனமுற்ற பிள்ளைகள் மற்றவர்களுக்குச் சமமாக, பள்ளியிலும், விளையாட்டில் பங்கேற்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், ஆட்டம் இருக்கிறது. போச்சா என்று ஓர் ஆட்டம், 1984 முதல் பாராலிம்பிக்கில் உண்டு. நாற்காலியில் அமர்ந்தபடி, வெள்ளைப் பந்துக்கு யார் பந்து அருகில் போய் நிற்கிறது என்று பார்க்கும் ஆட்டம். துணியில் மணல் கட்டிய பந்திலும் பழகலாம். அமர்ந்து ஆடும் வாலிபாலுக்கு ஆடுகளம் 10க்கு 6 மீட்டர்தான், வலை ஒரு மீட்டருக்குச் சற்று மேலே. நீங்கள் கோடு போட்ட ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். அவன் தரையில் இறங்கி ஆட விரும்புகிறானா, அவன் உடம்புக்கு அது ஒத்துவருமா என்பதை அவனிடமும் அவன் வீட்டிலும் முதலில் கேட்க வேண்டும். விரும்பினால், அந்தக் கட்டத்துக்கு வரும் எல்லோரும் தரையில் உட்கார்ந்துதான் ஆட வேண்டும். நின்று ஆடிப் பழகிய பையன்கள் உட்கார்ந்ததும் தடுமாறுவதைப் பார்க்க வேண்டுமே!

சாமான்கள் பற்றி ஒரே ஓர் எச்சரிக்கை. எடுத்து நகர்த்தும் கோல் கம்பம் இருந்தால் அதைத் தரையோடு பிணைக்காமல் ஒரு நாளும் விடக் கூடாது. பிள்ளைகள் தொங்குவார்கள், கம்பம் முன்பக்கம் சாயும். உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு.

கூட்டத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்காதீர்கள். முதலில் நீங்கள் எண்ணிய நிமிடத்தைச் சொல்லுங்கள், யார் பெயரையும் சொல்லாமல். அதற்கு முன்பே பி.டி. ஆசிரியரிடம் தனியாகப் பேசிவிடுங்கள். அவரைக் குற்றம் சாட்ட வந்ததாக நினைத்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். உண்மையில் அவருக்கும் பந்து வாங்கக் காசு கிடையாது, பீரியட் பறிபோனால் கேட்க ஆளும் கிடையாது. எட்டுப் பந்து, ஒரு மூட்டை சுண்ணாம்பு, ஒரு மாதம் ஒரே ஒரு வகுப்பில் முயற்சி என்று கேளுங்கள். இதற்கு மறுப்பு வராது. மாதம் முடிந்ததும் அதே கடிகாரத்தோடு போய், அதே பிள்ளையை மறுபடி எண்ணுங்கள். இரண்டு எண்ணிக்கையும் கையில் இருக்கும்போது கணக்கு பீரியடைப் பற்றிப் பேசுங்கள்.

கட்டட வரைபடம் மட்டும் ஒரு மாதம் காத்திருக்காது, அதை இந்தக் கூட்டத்திலேயே கேளுங்கள். போகும்போது முப்பது மீட்டர் அளவு நாடாவும் கொஞ்சம் சுண்ணாம்பும் எடுத்துப்போங்கள். மேசையில் காகிதத்தை வைத்துப் பேசுவதைவிட, எல்லோரையும் ஐந்து நிமிடம் மைதானத்துக்கு அழைத்து, கட்டடம் வரும் இடத்தில் கோடு போட்டு, மிச்சத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகளை நிற்கச் சொல்லுங்கள்.